தொழிற்சாலைப் படமும் என் ‘ஆஃப்டர் தட்’ நோயும்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் அகடமிக் பிரிவில், எழுத்துப் பகுதியின் முதல் கேள்வி, கொடுத்த படத்தை ஆங்கிலத்தில் விவரிப்பது. அதற்கு நான் தயாரானது முழுக்கப் புள்ளிவிவரக் கோட்டுப் படங்களை நம்பித்தான். ஏறுகிறது, இறங்குகிறது, அப்படியே நிற்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் மனப்பாடம். தேர்வறையில் கேள்வியைப் பார்த்தால் ஒரு தொழிற்சாலைப் படம். தொட்டி, குழாய், உலை, சுற்றிலும் அம்புக்குறிகள். அதில் ஏறவும் ஒன்றும் இல்லை, இறங்கவும் ஒன்றும் இல்லை. எழுத்துப் பகுதியில் 6 வந்தது. எனக்கு வேண்டியிருந்தது 7.

எங்கே சறுக்கினேன் என்று பார்க்க, பயிற்சிக்குப் பலரும் எடுக்கும் செங்கல் தயாரிப்புப் படத்தை வைத்து ஒரு பதில் எழுதினேன். அடுத்த நாள் படித்தபோது கோளாறு பளிச்சென்று தெரிந்தது. நான்கு வாக்கியங்கள் ‘ஆஃப்டர் தட்’ என்று தொடங்கின. இரண்டில் ‘தே’. ஒன்றில் ‘வீ டிக் த கிளே’. நான் எப்போது சூளையில் வேலைக்குச் சேர்ந்தேன்?

இதில் என் ஆங்கிலத்தைவிடத் தமிழ்ப் பழக்கத்துக்குத்தான் பங்கு அதிகம். ஒரு செய்முறையை நாம் எப்படிச் சொல்வோம்? ‘மண்ணைத் தோண்டி, சலித்து, மணலும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, அறுத்து, காயவைத்து, சுட்டு, ஆறவைத்து அனுப்புகிறார்கள்.’ யார் செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வினையெச்சங்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும், கடைசியில் ஒரு ‘கிறார்கள்’ போட்டால் முடிந்தது. ‘தோண்டப்படுகிறது, சலிக்கப்படுகிறது’ என்று எழுதினால் அரசாணை வாசிப்பதுபோல் இருக்கும். ஆங்கிலத்தில் அந்த அரசாணை நடைதான் இயல்பு. ‘இஸ் டக்’, ‘ஆர் டிரைட்’ என்று நிகழ்காலச் செயப்பாட்டு வினையில் எழுத வேண்டும். அதே கேள்வியில் பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி வந்தால் கதை வேறு. புழு தானாகவே வளர்கிறது, அதற்குச் செய்வினை போதும்.

நம் வினையெச்சச் சங்கிலியை ஆங்கிலத்தில் கொண்டுவர ‘அண்ட் தென்’ மட்டும்தான் வழி என்று நினைத்திருந்தேன். இல்லை. ‘ஒன்ஸ்’, ‘பிஃபோர் பீயிங்’, ‘விச் இஸ் தென்’ மூன்றையும் மாற்றி மாற்றிப் பழகினேன். காயவைத்ததும் சூளைக்குப் போகின்றன, அடுக்கப்படுவதற்கு முன் ஆறவைக்கப்படுகின்றன என்று இரண்டு படிகளை ஒரே வாக்கியத்தில் கட்டினால், பத்துப் படிகள் ஐந்தாறு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

செங்கல் படத்தில் என்னை விழவைத்த இடங்கள் இரண்டு. முதலாவது, அச்சு. களிமண் கலவையைக் கம்பியால் அறுத்தும் செங்கலாக்கலாம், அச்சில் அழுத்தியும் ஆக்கலாம். படத்தில் அது ஒரு கிளை. நான் முதலில் அறுத்து, அப்புறம் அச்சில் போடுவதாக எழுதியிருந்தேன். ‘ஐதர்... ஆர்’ என்ற இரண்டு சின்னச் சொற்கள் இல்லாததால் செய்முறையே தப்பாகிவிட்டது. இரண்டாவது, அதே இடத்தில் எழுவாய் மாறுகிறது. அதுவரை ‘கிளே’, ஒருமை. அதற்கப்புறம் ‘பிரிக்ஸ்’, பன்மை. நான் ‘இட் இஸ் டிரைட்’ என்றே இழுத்துக்கொண்டு போனேன். பொருள் எந்தப் படியில் பெயர் மாறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடும் பழக்கம் இதற்குப் பிறகு வந்தது.

மதிப்பெண்ணில் அதிகம் அடிவாங்குவது ஓவர்வியூ, அதாவது மொத்தப் படத்தின் சுருக்கம், இல்லாத பதில்தான். படிகளை வரிசையாக ஒப்பித்துவிட்டு, ஓவர்வியூவே தராத பதில் மதிப்பீட்டு விதிகளின்படி 5 நிலையைத் தாண்டுவது கடினம். இத்தனைக்கும் எழுத வேண்டியது இரண்டே வாக்கியம்: மண்ணைத் தோண்டுவதில் தொடங்கி, செங்கலை அனுப்புவதில் முடிகிற, மனிதரும் இயந்திரமும் செய்கிற வேலை, இடையில் மண்ணைப் பக்குவப்படுத்துதல், வடிவமைத்துக் காயவைத்தல், சுட்டு ஆறவைத்தல் என மூன்று பெரிய கட்டங்கள். மொத்தம் எத்தனை படி என்பதில் ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். ஒருவர் ஏழு எண்ணுவார், இன்னொருவர் ஒன்பது. எண்ணிக்கை சொன்னால் கீழே எழுதுவதோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். முடிவுரை இந்தக் கேள்விக்குத் தேவையில்லை.

படத்தில் எண்கள் இருந்தால் விடக்கூடாது. செங்கலை 24 முதல் 48 மணி நேரம் காயவைப்பதும், சூளையில் முதலில் மிதமாகவும் பிறகு 1300 டிகிரி வரையிலும் சுடுவதும் பதிலில் இருக்க வேண்டும். ஏன் அவ்வளவு சூடு என்று விளக்கக்கூடாது. பொறியியல் படித்தவர்களுக்கு இதில் கை அரிக்கும். எனக்கு அரித்தது, ஈரப்பதம் பற்றி இரண்டு வரி எழுதி, குறைந்தபட்ச அளவான 150 சொற்களைத் தாண்டிய திருப்தியில் இருந்தேன். படத்தில் இல்லாததற்கு மதிப்பெண் கிடையாது. அதேபோல், படத்திலுள்ள சொல்லுக்கெல்லாம் மாற்றுச்சொல் தேடி அலையவும் வேண்டாம். களிமண் களிமண்தான். பெயர்ச்சொல்லாக இருப்பதை வினையாக்கினால் போதும்: படத்தில் ‘டெலிவரி’ என்றிருந்தால் பதிலில் ‘ஆர் டெலிவர்ட்’.

நேரம் இன்னொரு கதை. இரண்டு கேள்விக்கும் சேர்த்து 60 நிமிடம். முதல் கேள்விக்கு 20. முதல் முறை அந்தக் குழாய்களோடு அரை மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டினேன். இரண்டாம் கேள்வியின் கட்டுரைக்குத்தான் இரட்டிப்பு மதிப்பு, அதை அவசரமாக முடித்தேன். இப்போது கேட்டால், நான்கு நிமிடம் அம்புக்குறிகளை விரலால் தொடர்ந்து பாருங்கள், பன்னிரண்டு நிமிடம் எழுதுங்கள், மிச்சத்தில் ஒருமை பன்மையை மட்டும் சரிபாருங்கள் என்பேன். 170, 180 சொற்கள் தாராளம்.

சரி, இவ்வளவு பழகிவிட்டு இரண்டாம் முறை போனேன். வந்தது தொழிற்சாலைப் படம் இல்லை. ஒரு ஊரின் பழைய வரைபடமும் புதிய வரைபடமும். ஒரு நொடி திக்கென்றது. அப்புறம் பார்த்தால் அங்கேயும் பாதை போடப்பட்டிருந்தது, மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. ‘இஸ்’ இருந்த இடத்தில் ‘வாஸ்’ போட்டு எழுதினேன். 7 வந்தது.