கொலோனியா: தரையைப் பார்த்து நடங்கள்

உருகுவேயின் கொலோனியா தெல் சாக்ரமென்டோ, லா பிளாட்டா முகத்துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தீபகற்பத்தில் பிறந்த ஊர். எதிர்க்கரையில், ஏறக்குறைய 50 கி.மீ. தள்ளி, அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸ்; அன்று அது ஸ்பானியர் ஊர். 1680-இல் போர்த்துகீசியரான மனுவல் லோபோ இங்கே கோட்டை கட்டியதே ஸ்பானியர் மூக்குக்கு நேரே கள்ளச்சரக்கு கடத்தத்தான் என்பேன். அதே ஆண்டு ஸ்பானியர் பிடித்தார்கள். மறு ஆண்டே திருப்பிக் கொடுத்தார்கள். 1777 வரை இழுபறி ஓயவில்லை.

பழைய நகரில் தரையைப் பாருங்கள். கரடுமுரடான கல் பாவி, இரு ஓரமும் உயர்ந்து, மழைநீர் நடுவே ஓடினால் போர்த்துகீசியத் தெரு. பெருமூச்சுத் தெரு அப்படித்தான். நீர் ஓரமாக வடிந்தால் ஸ்பானியர் கைவேலை. ஹீல்ஸ் வேண்டாம், கணுக்கால் பிசகிவிடும். புவனோஸ் அயர்ஸிலிருந்து படகில் வந்தால் இரு நாட்டுக் குடியேற்றச் சோதனையும் அங்கேயே, ஏறும் முன்பே முடியும். வரிசை நீளம்; முன்கூட்டியே போய்விடுங்கள்.