அட்டை வட்டில் ஒரு டார்பிடோ கணக்கு

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கிகளில் டி.டி.சி. (டார்பிடோ டேட்டா கம்ப்யூட்டர்) என்றொரு கணக்கு இயந்திரம் இருந்தது. உள்ளே முழுக்கப் பல்சக்கரங்கள். எதிரிக் கப்பல் இந்த நொடி எங்கே இருக்கும் என்று விடாமல் கணித்து, திரும்ப வேண்டிய கோணத்தை டார்பிடோவின் (நீருக்கடியில் தானே ஓடிப்போய் வெடிக்கும் குண்டு) திசையைக் கட்டுப்படுத்தும் ஜைரோவுக்கே அனுப்பிவிடும். சான் பிரான்சிஸ்கோவில் நிற்கும் பம்பானிட்டோ நீர்மூழ்கியில் அப்படி ஒன்றைப் பழுதுபார்த்து ஓடவே வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்கு ஸ்லைடு ரூலும் (நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல்) வரைதாளும்தான் துணை. நான் செய்து பார்த்தது அந்த முறையை.

நீர்மூழ்கி, எதிரிக் கப்பல், டார்பிடோ அதைச் சந்திக்கும் புள்ளி: ஒரு முக்கோணம். டார்பிடோவும் கப்பலும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் இரு பக்கங்களும் வேகங்களின் விகிதத்திலேயே இருக்கும். பள்ளியில் படித்த சைன் விதி போதும்.

சார்ட் அட்டையில் இரண்டு வட்டுகள் வெட்டி, நடுவில் டிச் பட்டன் வைத்தேன். வெளி வட்டில் எண்களின் லாக் (மடக்கை), உள் வட்டில் சைனின் லாக். ஒரு முழுச் சுற்று ஒரு பத்து மடங்கு என்பதால் 2 என்ற கோடு 108.4 டிகிரியில் விழும். உள் வட்டின் 30 டிகிரி வெளி வட்டின் 5-க்கு நேராக நின்றால் கோடுகள் பிரித்தது சரி. கப்பலின் மூக்குத் திசைக்கும் அங்கிருந்து நம்மை நோக்கும் கோட்டுக்கும் இடையிலான கோணத்தை 46-க்கு நேராக வைக்க வேண்டும். அன்றைய அமெரிக்க நீர்மூழ்கிகளின் மார்க் 14 டார்பிடோவின் வேகம் 46 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). அப்புறம் கப்பலின் வேகத்துக்கு நேரே இருப்பதைப் படித்தால், எவ்வளவு முன்னே குறிவைப்பது என்று தெரிந்துவிடும். வட்டை ஒருமுறை திருப்பினால் விடை.

கப்பல் 12 நாட் என்று வைத்துப் பார்த்தேன். மூக்குக் கோணம் 70 என்றால் விடை 14.2 டிகிரி. 90 என்றால் 15.1. இருபது டிகிரி தப்பாகக் கணித்தாலும் ஒரு டிகிரிகூட நகரவில்லை! பக்கவாட்டிலிருந்து தாக்க ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. தூரமோ கணக்கிலேயே இல்லை.

கப்பலின் வேகத்தைத் தப்பாகக் கணிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். 2000 கெஜம் ஓட டார்பிடோவுக்கு 77 நொடி ஆகும். ஒரு நாட் பிசகினால் அதற்குள் கப்பல் 43 கெஜம் தள்ளிப் போயிருக்கும். 147 கெஜ நீளமுள்ள லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பலின் நடுவில் குறிவைத்தால் அது தாங்கும். இரண்டு நாட் பிசகினால் வெறும் தண்ணீர்தான்.

வேகத்தைக் கண்டுபிடிக்க மூன்று நிமிட வழி ஒன்று உண்டு. அந்த நேரத்தில் கப்பல் போன கெஜத்தை நூறால் வகுத்தால் அதுவே நாட் கணக்கு. கிராஃப் தாளில் ஆறு நிமிட இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து டிவைடரால் அளந்தேன். 2400 கெஜம் வந்தது, மூன்று நிமிடத்துக்கு 1200, ஆக 12 நாட். பெரிஸ்கோப்பில் தூரம் அளப்பது இதற்குத்தான் முக்கியமாகிறது.

இத்தனையும் நேராகப் போகும் டார்பிடோவுக்கு. குழாயைவிட்டு வந்தபின் ஜைரோவால் வளைந்து திரும்பும் டார்பிடோவுக்குத் தூரமும் கணக்குக்குள் வந்துவிடும், என் வட்டு போதாது. அதற்கு மூன்றாவது வட்டு ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன்.