ஈடேலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மகள் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறாள். போன மே மாதம் போயிருந்தபோது, கடைத்தெருவெல்லாம் போதும்பா, ஒரு கம்பத்துக்கு, கிராமத்துக்குப் போகலாம் என்று ரயிலேற்றிவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் ஈடேல். இறங்கினால் ஆடு, குளிர், அவ்வளவுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இத்தனை தூரம் பறந்து வந்தது இதற்கா என்று மனதுக்குள் ஒரு முனகல்.

ஊர் என்றால் ஐந்து குட்டிக் குடியிருப்புகள். அப்பர் பூத், பார்பர் பூத் என்று எல்லாமே 'பூத்'தில் முடிகிறது. மாடு மேய்த்தவர்கள் தங்கிய கொட்டாய்க்கு அந்தக் காலத்தில் பூத் என்று பெயராம். சரி, தோட்டத்தில் ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் ஆயக்கொட்டாய் மாதிரி.

மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் காசில்டன். வழியில் மாம் டோர், 517 மீட்டர், சரிந்துகொண்டே இருக்கும் மலை. அதன் அடியில் போன ரோட்டை ஒட்டுப்போட்டு ஓய்ந்துபோய் 1979இல் மூடிவிட்டார்கள். தார்மேல் தார், அடுக்குப் பலகாரமான கோய் லாப்பிஸை வெட்டி வைத்தது மாதிரி அடுக்கடுக்காய்ப் பிளந்து கிடக்கிறது.

காசில்டனில் பீக் குகை. அதன் வாயிலேயே கயிறு திரிப்பவர்கள் வீடு கட்டிக் குடியிருந்து சுமார் 400 வருஷம் தொழில் செய்திருக்கிறார்கள், அவர்கள் அடுப்புக் கரி பாறையில் இன்னமும் படிந்திருக்கிறது. நான் பிறந்த தோட்டத்து லய வீட்டு அடுப்படியும் அதே கறுப்புதான், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். புளூ ஜான் கல் விற்கும் கடைகளில் விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

ஈடேலுக்கு வடக்கே கிண்டர் ஸ்கவுட். பிரபுக்கள் பறவை சுடுவதற்காக ஜாகா, அதாவது காவலாளி, போட்டு மறித்து வைத்திருந்த மலை. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றே அதில் ஏறினார்கள், ஷெபீல்டு ஆட்கள் ஈடேல் வழியாக. ஐந்து பேருக்கு ஜெயில், முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20தான். 1951இல் இந்தப் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. இப்போது யாரும் ஏறலாம், டிக்கெட்கூட இல்லை.

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து டிவிஷனை விற்றாகிவிட்டது. அப்பா பால்மரம் வெட்டிய காட்டைத் தாண்டி மாரியம்மன் கோயிலுக்குப் போக, கேட்டில் ஜாகாவிடம் ஐசி அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ரயிலுக்குக் காத்திருக்கையில் இதை மகளிடம் சொன்னேன்.

"ஆடிக்கு நான் வரேன்பா, பின்னாடி ஆத்தோரமா போயிடலாம்" என்றாள்.