வேறு ஊருக்குப் போயிருக்கலாமே என்னும் கேள்வி

போருக்கோ துன்புறுத்தலுக்கோ தப்பி வந்து புகலிடம் கேட்பவரிடம், சொந்த நாட்டிலேயே வேறு பகுதிக்குப் போயிருக்கலாமே என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இதை வெளிப்படையான நிபந்தனையாகச் சொல்லவில்லை. இந்தக் கேள்வி நாடுகளின் நடைமுறையில் பின்னர் வளர்ந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அந்த இடத்தைப் பாதுகாப்பாகவும் சட்டப்படியும் சென்றடைய முடியுமா, துன்புறுத்துவோர் அங்கும் தேடி வருவார்களா என்று பார்ப்பதோடு நில்லாமல், அளவுமீறிய இன்னலின்றி அவர் அங்கே வாழ இயலுமா என்பதையும் ஆராயச் சொல்கிறது. இந்தக் கடைசிக் கேள்விக்கே மிகுந்த கவனம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உறவினரோ அடையாள ஆவணமோ இல்லாத நகரில், கைக்குழந்தையுடன் தனித்து நிற்கும் பெண்ணுக்கு வேலையும் வாடகை வீடும் எப்படிக் கிடைக்கும்? துன்புறுத்துவது அரசே என்றால், அதன் கை நாடெங்கும் நீளும் என்றே பொதுவாகக் கொள்ள வேண்டும். மாற்றிடம் உண்டென்று வாதிடும் அதிகாரியே அந்த இடத்தைக் குறிப்பிட்டு, அது இவருக்குப் பொருந்தும் என்று நிறுவவும் வேண்டும்.