ஷிஃப்டர் ஒரு கம்பெனி, கேசட் இன்னொரு கம்பெனி: 3x9 சைக்கிளை 1x11 ஆக்கிப் பார்த்தது

என் மவுண்டன் பைக் ஒரு சாதாரண அலுமினிய ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத வகை). முன்னால் 40-30-22 பற்களோடு மூன்று பல்சக்கரம் (செயின்ரிங்), பின்னால் 11 முதல் 36 பல்வரை ஒன்பது பல்சக்கரம் அடுக்கிய ஒன்பது ஸ்பீடு கேசட், செயினைப் பல் மாற்றித் தள்ளும் ஷிமானோ அசெரா டீரெய்லர். இதுதான் 3x9. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டும் செயினும் ஒரே சமயத்தில் தேய்ந்து போனபோதுதான், இதோடு முன்பக்க டீரெய்லரையும் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைச் செயின்ரிங்குக்கு (1x11, அதாவது முன்னால் ஒன்று, பின்னால் பதினொன்று) மாறிவிடலாமே என்று தோன்றியது. சேற்றில் முதலில் மக்கர் பண்ணுவது எப்போதும் அந்த முன்பக்க டீரெய்லர்தான்.

எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்கலாம் என்று பார்த்தால், ஒன்று இருந்தால் மற்றொன்று ஸ்டாக்கில் இல்லை. கடைக்காரர் ஒருவர் "கலந்து போட்டா கியர் விழாது சார்" என்று முடித்துவிட்டார். எங்கே விழும், எங்கே விழாது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு எடுத்த முடிவு இது: ஷிஃப்டரும் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் லீவர்) பின் டீரெய்லரும் ஷிமானோ டியோர் எம்5100 ஜோடி. கேசட் சன்ரேஸ் 11-50. செயின் கேஎம்சி. கிராங்க் (பெடல் மாட்டும் கை) ப்ரோவீல். அதில் மாட்ட, பேர் தெரியாத ஒரு 30 பல் நேரோ-வைடு ரிங்.

ஜோடியாக வாங்கியே தீர வேண்டியது முதல் இரண்டு மட்டும்தான். காரணம் ஒரு பெருக்கல் கணக்கு. ஷிஃப்டரில் ஒரு க்ளிக் அடித்தால் குறிப்பிட்ட நீளம் கேபிள் இழுபடும். அந்த இழுப்பை டீரெய்லர் ஒரு மடங்கில் பக்கவாட்டு நகர்வாக மாற்றும். இரண்டையும் பெருக்கினால் வரும் தூரம், கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளிக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஷிமானோவின் ஒன்பது ஸ்பீடில் க்ளிக்குக்குச் சுமார் 2.5 மி.மீ. கேபிள், மடங்கு 1.7. பெருக்கினால் 4.25. கேசட் இடைவெளி சுமார் 4.35. அதே ஷிமானோவின் 11 ஸ்பீடு மவுண்டன் பைக் செட்டில் கேபிள் 3.6, மடங்கு 1.1. பெருக்கினால் 3.96, இடைவெளி சுமார் 3.9. இவை பெரும்பாலும் பெட்டியில் அச்சடித்து வருபவை இல்லை, சைக்கிள் பைத்தியங்கள் அளந்து வைத்தவை. இரண்டாம் தசமத்துக்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

புது ஷிஃப்டர் முதலில் கைக்கு வந்துவிட்டது. டீரெய்லர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பழைய அசெரா டீரெய்லரில் வேண்டுமென்றே கேபிளை மாட்டிப் பார்த்தேன். கணக்குப்படி 3.6 பெருக்கல் 1.7, அதாவது 6.1 மி.மீ. ஒரு க்ளிக்குக்கு ஒன்றரைப் பல்சக்கரம் போலத் தாவ வேண்டும். அப்படியேதான் தாவியது. ஆறாவது க்ளிக்குக்குள் கடைசிப் பல்லில் போய் லிமிட் ஸ்க்ரூவில் (டீரெய்லர் எல்லை தாண்டாமல் தடுக்கும் திருகு) முட்டி நின்றுவிட்டது. இரண்டின் மேலும் ஷிமானோ என்றுதான் எழுதியிருக்கிறது!

டியோர் டீரெய்லர் வந்ததும் அடுத்த சோதனை. நண்பரிடம் ஒரு ஸ்ராம் என்எக்ஸ் 11 ஸ்பீடு ஷிஃப்டர் சும்மா கிடந்தது. அது க்ளிக்குக்குச் சுமார் 3.48 மி.மீ. இழுக்கும். ஷிமானோவின் 1.1 மடங்கால் பெருக்கினால் 3.83. ஒரு க்ளிக்குக்கு 0.07 மி.மீ. குறைவு, பத்து க்ளிக்குக்கு 0.7. நடுப் பல்லில் சரியாக வைத்து டியூன் பண்ணினால் இந்தப் பிழை இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றியபோது பதினொரு கியரும் விழுந்தன. தெருவில் இறங்கி அழுத்தி மிதித்ததும் இரண்டு ஓரங்களிலும் செயின் பக்கத்துப் பல்லை உரசி முனகியது. நடுவில் ஒரு குறையும் இல்லை. வழியில் ஷிஃப்டர் உடைந்து இது ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் தயங்காமல் மாட்டி வீடு வந்து சேரலாம். தினமும் ஓட்ட மாட்டேன்.

ஆக ஒரே லோகோ போட்ட ஜோடி சுத்தமாக வேலை செய்யவில்லை, எதிரிக் கம்பெனி ஜோடி முக்கால்வாசி வேலை செய்தது. ஸ்ராமே ஒரு காலத்தில் அட்டாக், ராக்கெட் என்று ஷிமானோ டீரெய்லருக்குப் பொருந்தும் ஷிஃப்டர்களை விற்றிருக்கிறது. மைக்ரோஷிஃப்டிலும் ஷிமானோ இழுப்புக்கு ஒத்த மாடல்கள் உண்டு. கழற்றிய அசெரா டீரெய்லர்கூட வீணாகவில்லை. ஷிமானோவின் பத்து ஸ்பீடு ரோடு பைக் ஷிஃப்டர்களும் அதே 1.7 மடங்கை எதிர்பார்ப்பவை (டியாக்ரா 4700 போன்றவை விதிவிலக்கு). ரோடு பைக் ஹேண்டில்பாரில் மலை ஏறும் கியர் வேண்டும் என்று அலையும் டூரிங் ஆசாமிகள் பலர் இப்படி ஒன்பது ஸ்பீடு மவுண்டன் பைக் டீரெய்லரைத்தான் தேடுகிறார்கள். என்னுடையதும் அப்படி ஒருவரிடம் போய்விட்டது.

கேசட் விஷயத்தில் கம்பெனியை விட, பின் சக்கரத்தில் கேசட் ஏறி உட்காரும் ஃப்ரீஹப்தான் முக்கியம். என் பின் சக்கரத்தில் இருப்பது ஷிமானோவின் பழைய ஹெச்ஜி வகை ஃப்ரீஹப். 11 ஸ்பீடு மவுண்டன் பைக் கேசட் அதில் ஸ்பேசர் எதுவும் இல்லாமல் அப்படியே உட்காரும், பெரிய பல்சக்கரம் ஸ்போக் பக்கமாக வெளியே நீண்டுகொள்ளும். (11 ஸ்பீடு ரோடு கேசட்தான் 1.85 மி.மீ. அதிக அகலம் கேட்கும்.) 12 ஸ்பீடுக்குப் போயிருந்தால் கதை வேறு. ஷிமானோவின் 10-51க்கு 2018இல் வந்த மைக்ரோஸ்ப்லைன் ஹப் வேண்டும், ஸ்ராமின் 10 பல் கேசட்டுகளுக்கு எக்ஸ்டி (XD) ஹப் வேண்டும். ஆனால் ஸ்ராமின் என்எக்ஸ் ஈகிள் 11-50 கேசட் நம் ஹெச்ஜி ஹப்பிலேயே ஏறும், சன்ரேஸின் 12 ஸ்பீடு 11-50யும் ஏறும். ஷிமானோவின் 12 ஸ்பீடுக்காகச் சக்கரத்தை மாற்றும் செலவு வேண்டாம் என்றுதான் 11இல் நின்றுகொண்டேன்.

செயினில் சொல்ல அதிகம் இல்லை. ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை உள் அகலம் ஏறக்குறைய ஒன்றே. வெளி அகலம்தான் 6.6இலிருந்து 5.5 மி.மீ. அளவுக்கு மெலிகிறது. 11 ஸ்பீடு கேசட்டுக்கு 11 ஸ்பீடு செயின், யாருடையதாக இருந்தால் என்ன. ஷிமானோவின் 12 ஸ்பீடில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதன் ஹைப்பர்க்ளைடு ப்ளஸ் கேசட் தன் சொந்தச் செயினோடுதான் அந்த வழுக்கும் மாற்றத்தைத் தரும்.

கிராங்கை மாற்றியது வேறு வழியில்லாமல். பழையதில் ரிங்குகள் ரிவெட் அடித்தவை, கழற்ற முடியாது. பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுற்றும் அச்சு) சதுர முனைதான், நன்றாகவே சுற்றுகிறது. அதனால் அதற்கே பொருந்தும் 104 பிசிடி (ரிங்கின் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்) கிராங்க் வாங்கி 30 பல் ரிங்கை மாட்டினேன். 104 பிசிடியில் 30தான் கிட்டத்தட்டக் கடைசி எல்லை. அதிலும் சில ரிங்குகளில் போல்ட் ரிங்கிலேயே திருகும்படி இருக்கும், பழைய நட்டு சேராது. நேரோ-வைடு என்றால் ஒரு பல் மெலிசு, அடுத்தது தடிமன், செயினின் உள் தகடுக்கும் வெளித் தகடுக்கும் மாறி மாறிப் பொருந்தும்படி. 2012இல் ஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1 செட்டோடு பரவிய யோசனை, இன்று எல்லோரும் செய்கிறார்கள். மாட்டும்போது செயினின் வெளித் தகடு தடிமன் பல்லில் உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கியர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை வைத்துத்தான் ரிங் அளவை முடிவு செய்தேன். பழைய மிக லேசான கியர் 22க்கு 36, அதாவது 0.61. புதியது 30க்கு 50, சரியாக 0.60. ஏற்றத்தில் இழப்பு எதுவும் இல்லை. மேல் முனையில்தான் அடி: 40க்கு 11 என்பது 3.64, இப்போது 2.73. நெடுஞ்சாலை இறக்கத்தில் கால் வெறுமனே சுற்றும். நான் அங்கே மிதிப்பதும் இல்லை, போகட்டும்.

டியூனிங்கில் நேரம் தின்றது ஹேங்கர், அதாவது பின் டீரெய்லரைச் சட்டத்தில் தொங்கவிடும் சிறு துண்டு. பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. கேஜ் வைத்துப் பார்த்தபோது கீழ்ப்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தது. ஒன்பது ஸ்பீடு அதை மன்னித்துவிட்டிருந்தது, பதினொன்று மன்னிக்கவில்லை. நிமிர்த்திய பிறகு கேபிள் அட்ஜஸ்டரை இரண்டு திருகு திருகியதோடு வேலை முடிந்தது. கலந்து போட்டதால் கியர் விழவில்லை என்று வரும் புகார்களில் நிறைய, ஹேங்கர் புகாராகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். டீரெய்லரைக் கேசட்டிலிருந்து தள்ளி வைக்கும் பி-ஸ்க்ரூவை, டீரெய்லரின் மேல் சிறு சக்கரமான ஜாக்கி வீலுக்கும் 50 பல்லுக்கும் நடுவே அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி வரும்வரை முறுக்கினேன். டீரெய்லர் 51 பல்வரை தாங்கும் என்பதால் இழுபறி இல்லை.

அப்புறம் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பழைய செட்டை நான் நன்றாக அறிவேன். ஒவ்வொரு வளைவிலும் முன்பக்க ரிங்கை மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு மனப் போராட்டம் நடக்கும், அது ஒழிந்தது. மேலே தோட்டங்களுக்கு நடுவே போகும் கல் பாதையில் இறங்கும்போது செயின் சட்டத்தில் அடிக்கும் சத்தமும் போய்விட்டது. அது, செயினை இறுக்கிப் பிடிக்கும் டீரெய்லர் க்ளட்சின் உபயம்.

குறை இரண்டு. சன்ரேஸ் கேசட்டின் கடைசித் தாவல் 42இலிருந்து 50, கால் வேகம் சட்டென்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. ஷிமானோவின் 11-51இல் அது 45இலிருந்து 51, இன்னும் சீராக இருக்கும். செங்குத்தில் 42இல் மூச்சு வாங்கி 50க்குப் போட்டால் ஒரு நொடி காற்றில் மிதிப்பது போல் இருக்கிறது. இரண்டாவது, 50 பல்லில் இருக்கும்போது பெடலைப் பின்னால் சுற்றினால் செயின் ஒரு பல் கீழே நழுவுகிறது. ரிங் நடு ரிங் இருந்த இடத்தில் இருந்தும் செயின் அவ்வளவு சாய்கிறது. மெல்லிய வாஷர் வைத்து ரிங்கை உள்ளே தள்ளலாம், ஆனால் செயின் ஸ்டேக்கும் (பின் சக்கரத்துக்குப் போகும் சட்டக் குழாய்) ரிங்குக்கும் இடையே இருக்கும் சந்து அதற்குப் போதுமா என்று அளந்த பிறகுதான் வாஷர் வாங்க வேண்டும். கேசட் தேயும்போது 11-51க்கு மாறிக்கொள்ளலாம், ஷிஃப்டரையும் டீரெய்லரையும் தொட வேண்டியதில்லை.