இரண்டாவது டைல் உடைந்தது துளை போடும்போது அல்ல

குளியலறையில் ஒரு டவல் ராடு மாட்ட வேண்டும், மொத்தம் நாலு துளை. அதற்கு இரண்டு டைல்ஸைக் காவு கொடுத்தேன்.

முதலாவது போனது முழுக்க என் அசட்டுத்தனம். ட்ரில்லில் சுத்தியல் படம் போட்ட பக்கம், அதாவது இடித்துக்கொண்டே துளைக்கும் பக்கம், திருப்பியிருந்ததைப் பார்க்காமல் அழுத்திவிட்டேன், இரண்டே நொடியில் துளையிலிருந்து மூலை வரை தலைமுடி போல ஒரு கோடு. இரண்டாவதுதான் குழப்பியது. துளை வட்டமாக, விளிம்பில் சில்லுகூடப் பெயராமல் விழுந்தது. ஸ்க்ரூவுக்கான பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கினேன், ஸ்க்ரூவை முடுக்கினேன், கடைசி அரைச் சுற்றில் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஸ்க்ரூ உள்ளே போகப் போக விரிந்து சுவரை இறுகப் பிடிப்பதுதான் பிளக்கின் வேலை. நான் பிளக்கின் வாயை டைலின் மட்டத்தோடு நிறுத்தியிருந்தேன். அது விரிந்தபோது டைலையும் சேர்த்து நெம்பிவிட்டது. டைல் அமுக்கினால் தாங்கும், உள்ளிருந்து விரித்தால் தாங்காது. ஆகவே பிளக் முழுவதும் டைலைத் தாண்டிச் சுவருக்குள் போய்விட வேண்டும். டைல் 8 மில்லிமீட்டர் கனம், அதன் பின்னால் ஒட்டுக்கலவை ஒரு சில மில்லிமீட்டர் என்றால், பிளக்கின் வாய் 12 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். ஸ்க்ரூவை பிளக்கில் இரண்டு சுற்று மாட்டி மெதுவாகத் தட்டினாலே போய்விடும். துளையும் ஸ்க்ரூவும் அந்த அளவுக்கு நீளம் கூட வேண்டும்.

சரி, துளைக்கு வருவோம். உங்கள் டைல் எந்த வகை என்று முதலில் பாருங்கள். மிச்சத் துண்டு இருந்தால் அதன் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் சாதாரண செராமிக், ட்ரில்லில் மாட்டும் பிட்களில் ஈட்டி முனை போலிருக்கும் கார்பைடு பிட் போதும். சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் போர்சலின். அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காத அளவுக்கு இறுகச் சுட்டது, அதற்கு வைர பிட் இல்லாமல் ஆகாது. செங்கல் சுவருக்கான பிட்டை வைத்துக் கால் மணி நேரம் போராடினேன், டைலில் ஒரு பளபளப்பான பொட்டு விழுந்ததுதான் மிச்சம்.

வைர பிட் குழாய் மாதிரி உள்ளே காலியாக இருக்கும், நடுவில் முனை கிடையாது, அதனால் நேராக வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். சாய்த்து வைத்து ஆரம்பித்து, பிறைபோல ஒரு பள்ளம் விழுந்ததும் ட்ரில்லை ஓடவிட்டபடியே மெல்ல நிமிர்த்த வேண்டும். வேகம் குறைவாக இருக்கட்டும். அழுத்தாதீர்கள், ட்ரில்லின் எடையே போதும். பிட் சூடானால் வைரத்துகள்கள் உதிர்ந்துவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். பேட்டரி ட்ரில்லாக இருப்பது நல்லது. வயர் வைத்த ட்ரில்லையும் தண்ணீரையும் ஒன்றாகக் கையாள எனக்குத் தைரியமில்லை, அதில் பிட்டை அடிக்கடி வெளியே எடுத்து நனைத்துக்கொண்டேன். கார்பைடு பிட் என்றால் குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் முனை வழுக்காது.

டைல் முடிந்து சுவர் தொடங்குவது கையிலேயே தெரியும், சத்தமும் தூளின் நிறமும் மாறும். அங்கே நிறுத்தி சுவர் பிட்டுக்கு மாறுங்கள். கான்கிரீட் என்றால் இனி சுத்தியலைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் டைலில் போட்ட துளையைவிட பிட் இம்மியளவு சன்னமாக இருக்கட்டும், விளிம்பில் இடித்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

இடம் பார்ப்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'டொக் டொக்' என்று காலியாகக் கேட்டால் பின்னால் கலவை இல்லை, அந்த இடம் வேண்டாம். டைலின் ஓரத்துக்கும் மூலைக்கும் மிக அருகில் போகாதீர்கள். குழாய், ஷவர், சுவிட்ச் இவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தொடவே வேண்டாம், பைப்பும் வயரும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

ஸ்க்ரூ போடும் முன் துளைக்குள் கொஞ்சம் சிலிகான் பசை விட்டால் சுவருக்குள் தண்ணீர் இறங்காது. முடுக்கும்போது கையால்தான், ட்ரில்லால் அல்ல. அந்த 'டிக்' சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.