தேரும் ஓட்டும் ஒரே நாளில்

2019 ஏப்ரல் 18 என்று சொன்னாலே மதுரைக்காரர்களுக்கு ஞாபகம் வந்துவிடும், சித்திரைத் தேரோட்டமும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் வந்து மோதின. தேர்தலைத் தள்ளிவைக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கெல்லாம் நடந்து, கடைசியில் தேதியை மாற்றாமல் மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டித்தார்கள். எனக்கு அதுதான் முதல் ஓட்டு. 2016 சட்டமன்றத் தேர்தலின்போது வயது பத்தவில்லை, அப்புறம் சென்னைக்குப் படிக்க வந்துவிட்டேன், அதனால் இந்தத் தேர்தலுக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

17ஆம் தேதி இரவு கோயம்பேட்டில் கால் வைக்க இடமில்லை. தெற்கே போகிற எல்லோரும் அன்றைக்கே கிளம்பியிருந்தார்கள். பஸ் உள்ளே வருவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். எனக்குப் பாதி வழி நின்றுகொண்டே வந்த பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. ஆனால் அந்த பஸ்ஸில் யாருமே சலித்துக்கொள்ளவில்லை, "எந்தத் தொகுதி தம்பி?" என்று கேட்டுக் கேட்டே விழுப்புரம் தாண்டிவிட்டோம்.

ஒத்தக்கடை வரும்போது இன்னும் இருட்டுதான். மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அது கீழவாசலோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் நடைதான். நான் கீழமாசி வீதிக்குப் போய்ச் சேரவும் தேர் நிலையை விட்டு நகரவும் சரியாக இருந்தது. சுவாமி தேர் முன்னால், மீனாட்சி தேர் பின்னால், வடம் பிடித்தவர்களின் "ஹர ஹர" சத்தம். அப்பா ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிடலாம் என்றார். அப்பத்தா கேட்கவில்லை. "மொதல்ல ஆத்தா தேரு, அப்புறம் ஓட்டு. அதுக்குத்தான எட்டு மணி வரைக்கும் விட்டிருக்கான்." சரி என்று தேர் நிலைக்கு வரும் வரை இருந்து, நீர்மோர் குடித்துவிட்டு நல்ல வெயிலில் வாக்குச்சாவடிக்குப் போனோம்.

வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வெளியே நின்றது. வயதானவர்கள் நேராக உள்ளே போகலாம் என்று போலீஸ்காரர் கூப்பிட்டார். அப்பத்தா அசையவே இல்லை, "பேரப்பிள்ளைக்கு மொத ஓட்டுய்யா, அதுகூடவே வர்றேன்." அப்பத்தாவுக்கு முதல் ஓட்டு 1967 தேர்தலில், அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும். சீட்டில் முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட்டதை அன்றைக்கு வரிசையில் முன்னாலும் பின்னாலும் இருந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

அந்த வரிசையில்தான் அப்பா பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதையைச் சொன்னார், அவர் உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்தவர். 1996இல் அந்த ஊர்களின் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அவ்வளவுதான், பத்து வருடம் முறையான தேர்தலே நடக்கவில்லை. வேட்புமனு போட ஆள் இருக்காது, மீறி யாராவது ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவராக இருந்த முருகேசனை 1997இல் வெட்டியே கொன்றார்கள். நான் பிறந்து வளர்ந்த மாவட்டத்தில், பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில். அதைக் கேட்ட பிறகு முதல் நாள் ராத்திரி நின்றுகொண்டே வந்ததை ஒரு கஷ்டமாகவே நினைக்க முடியவில்லை.

உள்ளே எல்லாம் சீக்கிரம் நடந்தது. ஒருவர் பெயரைச் சத்தமாக வாசித்தார், ஏஜெண்டுகள் பட்டியலில் கோடு போட்டார்கள், அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துக் கையெழுத்து வாங்கினார். அட்டை மறைப்புக்குள் போனதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. நீலப் பட்டனை அழுத்தினேன், பக்கத்துக் கண்ணாடிக்குள் நான் போட்ட சின்னம் அச்சாகி ஏழு விநாடி நின்றது. அந்த ஏழு விநாடியும் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் சீட்டு உள்ளே விழுந்தது, நீளமாக "பீப்". அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது, இந்த நாட்டில் என்னையும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட சத்தம் அது.

சாயங்காலம் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போனோம். சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றியவர்கள், கருப்பசாமி வேஷம் கட்டியவர்கள், அழகரைப் பார்த்துக் கும்பிட்ட கைகளில் பாதிக்கு மேல் மை இருந்தது. மறுநாள் காலை வைகைக்கரையிலும் அப்படித்தான்.

அடுத்த ஓட்டு 2021 ஏப்ரல் 6. கொரோனா காலம், முகக்கவசம் போட்டுக்கொண்டு, அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் கையுறையோடு பட்டனை அழுத்தினோம். அந்த வருடம் தேரும் ஓடவில்லை, அழகரும் வைகைக்கு வரவில்லை. ஆனால் ஓட்டுக்கு நான் வந்தேன், அப்பத்தாவும் வந்தது, மறுபடியும் வரிசையில்தான் நின்றது.